எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி மீட்டெடுத்தல்: அறிகுறி வழியே பழுது காணும் முறை

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி., ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. இன்றும் அதன் உதிரிபாகங்களில் பெரும்பாலானவை புதிதாகக் கிடைப்பதற்கு அந்த எண்ணிக்கையே காரணம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் கையாலேயே மீட்டெடுக்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. ஆனால், பாகங்கள் எளிதில் கிடைப்பதாலேயே ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்கிறது. கோளாறு எங்கே என்று அளந்து பார்க்காமல், சந்தேகப்பட்டதையெல்லாம் வாங்கி மாட்டத் தொடங்கிவிடுகிறோம். கோளாறு தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் இந்த வண்டியில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், கீழே ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் அதன் காரணத்தை நோக்கிப் போகும் வழியைத் தருகிறேன். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு காந்தம், உறுதியான நான்கு ஸ்டாண்டுகள் ஆகியவை இருந்தால் இதில் உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

கதவு சரியாக மூடவில்லை, அல்லது அதன் இடைவெளி மேலும் கீழும் வேறுபடுகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைப் பிரித்துக் கோப்பதற்கு ஆகும் செலவை முன்கூட்டியே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். துருப்பிடித்த பாடிக்கு ஆகும் செலவை வெட்டிப் பார்க்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, வாங்குவதா வேண்டாமா என்பதைப் பாடியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எஞ்சின் ஓடாத, ஆனால் தகடு நல்ல நிலையில் உள்ள வண்டியை, இனிமையாக ஓடும் துருப்பிடித்த வண்டியைவிட அதிக விலை கொடுத்தும் வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

எம்.ஜி.பி.க்குத் தனியான சேஸிஸ் கிடையாது. கூரை இல்லாத ரோட்ஸ்டரில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டி அமைப்புதான் வண்டியின் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று தகடுகளும் அடியில் ஒரு வளைந்த தகடும் சேர்ந்த இந்தப் பெட்டி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆதலால், வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருப்பதால் மட்டும் எதுவும் நிச்சயமாகிவிடாது. கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி அதே இடங்களை மீண்டும் அளங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ, சில் தன் பலத்தை இழந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி, சில், பின்சக்கர வளைவு ஆகிய இடங்களில் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடியை விடும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. சில்லின் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்கு உள்ளே சென்று முடிகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முறையாக மாற்றுவதென்றால் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திறந்தாக வேண்டும். அதைச் செய்யாமல் மட்கார்டின் விளிம்போடு வெல்டிங் நின்றிருந்தால், பழைய துருவின் மேலேயே புதிய தகடு போர்த்தப்பட்டிருக்கிறது. நான் பார்க்கப்போன ஒரு வண்டியில், ‘சில் புதிது’ என்று விற்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கம்பளத்தைத் தூக்கி, உள்தகட்டில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தியபோது, அது பிஸ்கட்டில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கியது. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

சில்லை நீங்களே மாற்றுவதானால், கதவுகளைக் கழற்றாமல், கதவு வாயில் முழுவதையும் இரும்புச் சட்டத்தால் முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். முட்டு இல்லாமல் வெட்டப்பட்ட ரோட்ஸ்டர் நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு வெல்டிங் செய்துவிட்டால், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. இரு பக்கச் சில்களோடு தரையும் முன் மட்கார்டுகளின் உள்பகுதியும் போயிருந்தால், ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு முழுப் புதிய பாடியைப் பற்றி யோசிக்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி. பாடிகளைத் தயாரித்து வருகிறது. விலை அதிகம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான மணி நேர வெல்டிங் வேலையோடு ஒப்பிட்டால் அது பல நேரங்களில் நியாயமான விலையாகவே இருக்கும்.

கதவின் வெளித்தகட்டில், முன்பக்கச் சிறு முக்கோணக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விரிசல் தெரிந்தால் அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். இது இந்த மாடலின் பிறவிக் குறை. விரிசலின் முனையில் சிறு துளையிட்டு, வெல்டிங் செய்து, உள்ளே வலுவூட்டினால் போதும்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, அல்லது முனகிக்கொண்டு சுற்றுகிறது

1974 வரை வந்த வண்டிகளில், இருக்கைகளுக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கண்ணில் படாத இடம் என்பதால் யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. இரண்டையும் இணைக்கும் கேபிளின் முனைகளையும், பாடியில் எர்த் பிடிக்கும் இடத்தையும் கழற்றி, பளபளக்கும் வரை சுரண்டி, மீண்டும் பூட்டுங்கள். பேட்டரி உட்காரும் தொட்டியும் துருவில் கரைந்திருக்கக்கூடும். அதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. அதன் பிறகும் ஸ்டார்ட்டர் முனகினால், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைச் சோதியுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லாவிட்டால் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடானால், காரணம் ஐயமின்றி இதுதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: 1967 வரையான வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருந்தது. பின்னால் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். பேட்டரியை இணைப்பதற்கு முன், எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் காதைப் பயன்படுத்துங்கள். இக்னிஷனைப் போட்டதும், வண்டியின் பின்பகுதியில் உள்ள எஸ்.யூ. நிறுவனத்தின் பெட்ரோல் மின் பம்ப் ‘டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதும் மெதுவாகி நின்றுவிட வேண்டும். ஒலியே வரவில்லையென்றால், பம்புக்குப் போகும் வெள்ளை ஒயரில் 12 வோல்ட் வருகிறதா, கறுப்பு எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பம்பை மெல்லத் தட்டியதும் அது ஓடத் தொடங்கினால், உள்ளே உள்ள பாயிண்ட் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) கரி பிடித்திருக்கிறது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் இல்லை, உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது, அல்லது மிதவையின் ஊசி வால்வு மாட்டிக்கொண்டு கார்புரேட்டர் வழிகிறது. கடைசியாகச் சொன்னது தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. பெட்ரோல் வாடை வந்தால் உடனே இக்னிஷனை நிறுத்துங்கள். நெடுங்காலம் நின்ற வண்டியின் எரிபொருள் குழாய்களை எந்தச் சோதனையும் செய்யாமல் மாற்றிவிடலாம். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது.

பெட்ரோல் வருகிறதென்றால் அடுத்தது நெருப்பு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, அதன் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் ஒயர்களின் வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. யாரோ பிரித்துக் கோத்து விற்ற வண்டியில் இந்த வரிசை தவறியிருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் மிஸ் ஆகிறது, இழுவை இல்லை

இந்த அறிகுறியைக் கண்டதும் எல்லோருடைய கையும் நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. தயவுசெய்து அதைக் கடைசியாகத் தொடுங்கள். வால்வு இடைவெளி, பிறகு இக்னிஷன், பிறகு காற்றுக்கசிவு, அதற்குப் பின்தான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால், ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைத்துவிடுவோம்.

குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.38 மி.மீ. இருக்க வேண்டும். இதைச் சரிசெய்துவிட்டு, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டில் மட்டும் குறைவாக இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் வால்வுதான் காரணம்.

என்னுடைய 1970ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், மலைச்சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் நன்றாக இழுக்கும். சமதளத்தில் காலை லேசாக வைத்து ஓட்டினால் மட்டும் வெட்டி வெட்டி ஓடும். இரண்டு வார இறுதிகளைக் கார்புரேட்டர்களில் செலவழித்தேன். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பாயிண்டுகள் உட்காரும் தட்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. தட்டுக்குப் போகும் சிறிய ஒயர், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே உள்ள செப்பு இழைகள் அறுந்து, தட்டு நகரும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போயிருந்தது. லேசான ஆக்ஸிலரேட்டரில்தான், எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் அந்தத் தட்டை இழுக்கிறது. அதனால்தான் அப்போது மட்டும் மிஸ் ஆனது. மூன்று அங்குல ஒயர் ஒன்றில் பிரச்சினை முடிந்தது. கோளாறு எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் வருவதில்லை என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு தொடங்கியிருந்தால், முதல் நாளே அந்த ஒயரில் கை வைத்திருப்பேன்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள ரோட்டர் ஆர்மும் கண்டென்சரும் புதியவை என்பதாலேயே நல்லவை என்று நம்ப வேண்டாம். பழையவை ஓடிக்கொண்டிருந்தால் அவற்றைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே பத்திரப்படுத்துங்கள்.

இக்னிஷன் சரியென்று உறுதியான பிறகு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டரின் திராட்டில் தண்டு வெளிவரும் இரு பக்கங்களிலும், எண்ணெய் மிக மெலிதாகத் தடவிய பிரஷ்ஷால் தொடுங்கள். ஐடில் வேகம் மாறினால் தண்டு தேய்ந்து காற்று நுழைகிறது. என்ன டியூனிங் செய்தாலும் நிற்காது. எஸ்.யூ. கார்புரேட்டரின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் அது தடையின்றி இறங்கி ‘டக்’ என்று உட்கார வேண்டும். கலவையைப் பார்க்க, சூடான எஞ்சினில் பக்கவாட்டு ஊசியால் பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தணிந்தால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. இரண்டு கார்புரேட்டர்களையும், ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து அவை காற்றை உறிஞ்சும் ஒலியை ஒப்பிட்டுச் சமன் செய்துவிட்டே இந்தச் சோதனைக்கு வர வேண்டும்.

வெப்ப முள் ஏறுகிறது

ரேடியேட்டரை மாற்றும் முன் பிளாக்கைப் பாருங்கள். எஞ்சினின் வலப்பக்கப் பின்பகுதியில் உள்ள வடிகால் குழாயைத் திறந்தால் நீர் பீய்ச்சி வர வேண்டும். ஒரு துளியும் வரவில்லையென்றால், அரை நூற்றாண்டுத் துருச்சேறு பின்சிலிண்டரைச் சுற்றி அடைந்திருக்கிறது என்று பொருள். கம்பியால் கிளறி, எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சித் தெளிவாகும்வரை கழுவுங்கள். அதன் பிறகு தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, இக்னிஷன் டைமிங் ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். டைமிங் பிந்தியிருந்தாலும் எஞ்சின் சூடேறும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

எண்ணெய் அழுத்தம் குறைவாகக் காட்டுகிறது

சூடான எஞ்சின் சாலை வேகத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. வரையும், ஐடிலில் 10 முதல் 25 வரையும் காட்டினால் கவலை வேண்டாம். குறைந்தால், வேறொரு கேஜை மாட்டி உறுதி செய்துவிட்டு, அழுத்த விடுப்பு வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள். அடியில் கனமான தட்டல் ஒலியும் சேர்ந்து கேட்டால் பேரிங் தேய்மானம்தான். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கியர் மாற்றும்போது கரகரக்கிறது, ரிவர்ஸ் விழ மறுக்கிறது

எம்.ஜி.பி.யில் கிளட்ச் பிளேட்டை மாற்ற எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே, அந்த முடிவுக்கு வருமுன் மலிவான காரணங்களையெல்லாம் தீர்த்துவிட வேண்டும். கிளட்ச் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் சிறு பின்னைக் கழற்றிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய அது நடுவில் பள்ளம் விழுந்தும், பெடலின் துளை முட்டை வடிவில் நீண்டும் இருக்கும். அங்கே இழக்கும் இரண்டு மில்லிமீட்டர், கீழே கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் நகர்வில் பெரிய பங்கைத் தின்றுவிடும். இன்னொருவர் பெடலை மிதிக்க, ஸ்லேவின் தண்டு ஏறத்தாழ 12 மி.மீ. நகர்கிறதா என்று அளங்கள். அவ்வளவு நகர்ந்தும் கிளட்ச் பிரியவில்லையென்றால்தான் எஞ்சினை இறக்க வேண்டும். இறக்கினால் கார்பன் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். பிறகு ஓட்டும்போது கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்தக் கார்பனைத் தின்பது அதுதான்.

ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) விழவில்லையென்றால், முதலில் கியர்பாக்ஸ் எண்ணெய் அளவைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அடுத்து, எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுங்கள். அதை இயக்கும் மின்காந்தமான சோலினாய்டின் ஒலி கேட்காவிட்டால், மஞ்சள் ஒயர்களையும் கியர்பாக்ஸ் மேலுள்ள சுவிட்சையும் தேடிப்போங்கள். மாறாக, ஓவர்டிரைவ் விடுபடாமல் மாட்டிக்கொண்டால் வண்டியை ஒரு அடிகூடப் பின்னோக்கி எடுக்கக் கூடாது. உள்ளே உள்ள ஒருவழிக் கிளட்ச் நொறுங்கிவிடும்.

புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ‘டங்’ என்று ஒலிக்கிறது

கம்பிச் சக்கரம் உள்ள வண்டியானால் முதலில் ஹப்பின் பற்களைப் பாருங்கள். நல்ல பற்களின் உச்சி தட்டையாக இருக்கும். தேய்ந்தவை கத்தி முனைபோல் கூர்ந்திருக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் தேய்மானம் கைக்குத் தெரியும். ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஹப், புதுச் சக்கரத்தையும் சீக்கிரமே கெடுத்துவிடும். கம்பிச் சக்கரத்தின் நடு நட்டு இடப்பக்கத்தில் வழக்கமான மரையும், வலப்பக்கத்தில் எதிர்மரையும் கொண்டது. பிரித்துக் கோத்தவர் ஹப்புகளை இடம் மாற்றிப் பூட்டியிருந்தால், ஓட ஓட நட்டு தானே கழன்றுவிடும். வண்டியை முதல்முறை சாலைக்குக் கொண்டுபோகும் முன் இதை ஒவ்வொரு சக்கரத்திலும் பார்த்தே தீர வேண்டும்.

சக்கரம் சரியாக இருந்தும் ஒலி வந்தால், அது பெரும்பாலும் பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலுக்குள் தேய்ந்துபோன த்ரஸ்ட் வாஷர்கள். ஒலி எரிச்சலூட்டினாலும் அவசரம் இல்லை.

ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குகிறது

இந்த வண்டியில் உள்ள லூகாஸ் நிறுவன மின்பாகங்களைப் பழிக்கும் பேச்சைக் கேட்டு ஒயரிங் முழுவதையும் பிடுங்கிவிடாதீர்கள். ஒயர்களின் நிறமே வரைபடம்: பழுப்பு எப்போதும் உயிரோடிருக்கும், வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃப்யூஸ் வழி வருவது, ஊதா எப்போதும் உயிரோடிருந்து ஃப்யூஸ் வழி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கு துடித்தால், மின்சாரம் திரும்பிப்போக வழியின்றி இன்னொரு பல்பு வழியாகத் திரும்புகிறது. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் உடலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. குண்டு வடிவ இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாள் வேலையில் இந்த வண்டியின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம். வீங்கிய ஹோஸ் எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாது; அதனால் காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்தபடியே இருக்கும். ஓட்டி வந்ததும் இரு முன்சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியும். பெடல் ஆழமாக இறங்கினால் பின் டிரம்களின் அட்ஜஸ்டர்களைத் திருப்பிப் பாருங்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மின் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிரிட்டனில், பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை. ஆயினும், மீட்டெடுத்த வண்டியை ஓட்டத் தொடங்குமுன் விரும்பியே அந்தச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கண் பழகிப்போய்த் தவறவிட்டதை வேறொருவரின் கண் பிடித்துவிடும். என் வண்டியில் பின் ஸ்பிரிங்கின் ஒரு யூ-போல்ட் கையால் மட்டுமே முறுக்கப்பட்டிருந்ததை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு அந்த யூ-போல்ட்டுகள், சக்கர நட்டுகள், பிரேக் எண்ணெய் அளவு ஆகியவற்றை மீண்டும் பாருங்கள். 500 கிலோமீட்டரில் எஞ்சின் எண்ணெயை மாற்றி, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களின் கிரீஸ் நிப்பிள்களில், ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அழுத்துங்கள்.